அடித்து எழுதிய எண்

பத்து மணி நேரத்தில் ஒரு மனுஷிக்கு மூன்று கிலோ ஏறாது. தின்றது இரண்டு இட்லி, மத்தியானம் ரசம் ஊற்றி நாலு வாய் சோறு. காலை ஆறு மணிக்கு எடை மெஷின் 51.4 காட்டியது. மாலை நான்கு மணிக்கு அதே படுக்கையறையில், அதே தரையோட்டின் மேல், அதே நைட்டியில் ஏறி நின்றபோது 54.3 காட்டியது. கிருஷ்ணப்ரியா இறங்கி, கண்ணாடித் தட்டைத் துண்டால் துடைத்து, மறுபடியும் ஏறினாள். 54.3. மூன்றாவது முறையும் அதேதான். மேற்கு ஜன்னல் வழியாக ஆனி மாதத்து ஆரல்வாய்மொழிக் காற்று வந்து கதவை அடித்துச் சாத்தியது. அவள் நோட்டை எடுத்து, 54.3 என்று எழுதினாள்.

எழுதித்தான் ஆகவேண்டும். அது அவளே போட்ட விதி. குழந்தை போன பிறகு எட்டு மாதமாக உடம்பு கரைந்துகொண்டே வந்ததால், தினமும் எடையைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் நாகர்கோவிலில் அவள் பார்க்கும் மனநல டாக்டர். அவர் சும்மா சொன்னது. ஆனால் அவள் மகளிர் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்ப்பவள். அளவு என்று வந்துவிட்டால் அவளுக்குச் சும்மா என்பது கிடையாது. புது நோட்டின் முதல் பக்கத்தில் திட்டம் எழுதினாள். கேள்வி: என் எடை எப்போது குறைவதை நிறுத்தும்? முறை: தினம் இரண்டு வேளை, காலை ஆறு, மாலை நான்கு, ஒவ்வொரு வேளையும் மூன்று அளவு. அதே உடை, அதே இடம். கடைசியாக, சிவப்பு மையில் ஒரு விதி: எந்த அளவையும் அடிக்கக் கூடாது, நம்ப முடியாவிட்டாலும். அந்த வரி ஏன் சிவப்பு என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மறுநாள் மாலை 3.1 கூடுதல். ஐந்து கிலோ அரிசிப் பையை மெஷினில் வைத்துப் பார்த்தாள், சரியாக ஐந்து. மெஷினை அடுக்களைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஏறினாள், 3.1. நைட்டியைக் கழற்றிவிட்டு ஏறினாள், நைட்டியின் எடை மட்டுமே குறைந்தது. மூன்றாம் நாள் 3.4. காலையில் மட்டும் எப்போதும்போல அவளுடைய சொந்த எடை, ஐம்பத்தொன்று சொச்சம். சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் அது வந்து ஏறிக்கொள்கிறது.

இரண்டு புள்ளி ஒன்பது. மூன்று புள்ளி ஒன்று. மூன்று புள்ளி நான்கு. பாத்திரம் கழுவும்போதே இந்த எண்களை வாய் முணுமுணுத்தது. எங்கோ படித்த எண்கள் என்று முதலில் பட்டது. படித்ததல்ல, எழுதியது. சோப்பு நுரை கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

பழைய நோட்டு அலமாரியின் அடித்தட்டில், கொசுவலைக்கும் துவைத்து மடித்த சின்னச் சட்டைகளுக்கும் அடியில் இருந்தது. அட்டையில் 'ஆதர்ஷ்' என்று எழுதி ஒரு யானைப் படம் ஒட்டியிருந்தாள். பிறந்தது முதல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், நான்கு மணிக்கு அவன் தூங்கி எழுந்ததும், அவனைத் தூக்கிக்கொண்டு இதே மெஷினில் ஏறுவாள். பிறகு அவனைக் கட்டிலில் இறக்கிவிட்டுத் தனியாக ஏறுவாள். இரண்டையும் கழித்தால் பிள்ளையின் எடை. எல்லாத் தாயும் வீட்டில் செய்வதுதான். முதல் ஞாயிறு 2.9. இரண்டாவது 3.1. மூன்றாவது 3.4.

நான்காவது ஞாயிறு 3.6 என்று இருந்தது. அன்று அவள் தூங்கவில்லை. மறுநாள் கல்லூரியில் ஒரு பிள்ளை வந்து, "மேடம், இந்த ரீடிங் சரியா?" என்று கேட்டபோது அந்த எண்ணே கண்ணில் தெரியவில்லை. நான்கு மணிக்கு முன்பே வீட்டுக்கு ஓடி வந்து, செருப்பைக் கூடக் கழற்ற மறந்து, பிறகு ஞாபகம் வந்து கழற்றிவிட்டு, நைட்டிக்கு மாறி, கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. எதற்குப் பயம், எண் பொருந்திவிடும் என்றா, பொருந்தாது என்றா? கண்ணைத் திறந்தாள். கழித்தால் 3.6.

அவள் அழுதாள். மெஷினை விட்டு இறங்காமலேயே அழுதாள். நாள் ஒன்றுக்கு ஒரு ஞாயிறு. அவன் வளர்ந்துகொண்டிருந்தான்.

அதன் பிறகு அந்த வீட்டில் தினமும் மாலை நான்கு மணி வேறு மாதிரி வந்தது. தோவாளையில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீடு அது. பின்னால் வயல், முன்னால் சந்தைக்குப் போகும் ரோடு, மத்தியானம் மீந்த பிச்சிப்பூ வாடும் மணம் எந்நேரமும் சுவரில் ஒட்டியிருக்கும். நான்கு மணிக்கு அந்த மணத்துக்குள் இன்னொரு மணம் மெல்ல நுழையும். தேங்காயெண்ணெயும் புளித்த பாலும் கலந்த, உச்சந்தலையில் மூக்கை வைத்தால் மட்டும் வருகிற மணம். காற்று ஒரு நிமிஷம் ஓய்ந்தால், காதுக்கு மிகப் பக்கத்தில், முஷ்டியை வாயில் வைத்துச் சப்புகிற ஈரச் சத்தம் கேட்கும். மேற்கு வெயிலில் அலமாரிக் கதவின் மேல் விழுகிற அவளுடைய நிழல் இடுப்பு வரை ஒல்லியாகத்தான் இருந்தது. இடது தோளில் மட்டும் தடிப்பாக ஏதோ சாய்ந்திருந்தது. அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவாள்: நாள், நேரம், எடை, மணம், சத்தம். பார்த்தது என்ற இடத்தில் மட்டும் கோடு போடுவாள்.

பன்னிரண்டாம் நாள் அவளுக்குத் தைரியம் வந்தது. கட்டிலில் இரண்டு பக்கமும் தலையணை அண்டக் கொடுத்து, குனிந்து, பிடரியில் ஒரு கை, புட்டத்தில் ஒரு கை கொடுத்து, ஒன்றுமில்லாததை மெல்ல இறக்கினாள். தோள் லேசானது. மெஷினில் ஏறினால் அவளுடைய எடை மட்டும். கட்டிலைப் பார்த்தாள். விரிப்பில் ஒரு சின்னக் குழி, அது கொஞ்சம் அசைந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். இது என் பிள்ளை, என் பிள்ளைக்கா நான் பயப்படுகிறேன் என்று தன்னையே ஏசிக்கொண்டாள். ஆனாலும் சுவரை விட்டு நகரவில்லை.

பக்கத்து வீட்டு நாகம்மை பூக்கட்டுகிறவள், தினமும் சாயங்காலம் ஒரு முழம் கொண்டுவந்து கொடுப்பாள். ஒரு நாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏட்டி மக்கா, தோளு என்னத்துக்கு இப்பிடி நனைஞ்சி கெடக்கு? மழையுமில்லியே."

"தண்ணி தெறிச்சிருக்கும்க்கா."

"தண்ணியா?"

நாகம்மை மூக்கைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்தாள். மூன்று பிள்ளை வளர்த்தவள். அவள் முகம் மாறியது. பூவைத் திண்டில் வைத்துவிட்டு வந்த வழியே போனாள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அன்று ராத்திரி குளிக்கும்போது கிருஷ்ணப்ரியா பார்த்தாள், வற்றிப்போய் எட்டு மாதமான மார்பில் பால் கசிந்திருந்தது. காலை எடை 49க்கு வந்திருந்தது. அதையும் எழுதினாள்.

இருபது நாளைத் தாண்டியபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. சந்தோஷத்தில் இத்தனை நாள் ஒரு எளிய கணக்கைப் போடாமல் இருந்திருக்கிறாள். பழைய நோட்டில் ஞாயிறுகள் மொத்தம் முப்பத்தைந்துதான். கடைசி ஞாயிறு 7.9. அதற்குப் பிறகு அந்த வாரத்திலேயே இரண்டு வரி இருந்தது. செவ்வாய், புதன். அதற்குப் பிறகு பக்கம் வெறுமை.

செவ்வாய்க்கிழமை வரியில் 7.6 என்று எழுதி, ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் 7.9 என்று எழுதியிருந்தது. அவளுடைய கையெழுத்து, முத்து முத்தாக.

திங்கள் முதல் அவனுக்கு வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. பல் முளைக்கிறது, அப்படித்தான் போகும் என்றார்கள். சந்தேகத்துக்குத்தான் செவ்வாய்க்கிழமை எடை பார்த்தாள். இரண்டே நாளில் முந்நூறு கிராம் குறைவு. ஆனால் மெஷினில் பேட்டரி விளக்கு மின்னியது. அவளுடைய சொந்த எடையையும் அது முந்நூறு கிராம் குறைத்தே காட்டியது. ஓ, இது மெஷினின் சுழிப்பிழை என்று நினைத்தாள். ஒன்றுமே வைக்காதபோதும் கருவியில் இருக்கிற பிழை. அதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று முதல் வருடப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் சொல்லிக்கொடுக்கிறவள். திருத்தினாள். முந்நூறைக் கூட்டி 7.9 என்று எழுதி, நிம்மதியாக அவனுக்குத் தாலாட்டுப் பாடினாள்.

இரண்டு அளவை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கும்போது சுழிப்பிழை தானாகவே போய்விடும். இரண்டிலும் அதே பிழைதானே இருக்கிறது? இதையும் அவள்தான் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். திருத்தவே தேவையில்லாத இடத்தில் திருத்தினாள். படிக்காத ஒரு தாய், "அய்யோ பிள்ள எளச்சிட்டானே" என்று அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாள். புதன்கிழமை சாயங்காலம் 7.2. ஓடினாள். வியாழன் விடியும்முன் எல்லாம் முடிந்தது.

முப்பத்துமூன்றாம் நாள் மஸ்கட்டிலிருந்து அவள் கணவன் ஹரிகுமார் கூப்பிட்டான். அவள் சாப்பிட்டாளா, மாத்திரை போட்டாளா என்று வழக்கமான கேள்விகள்.

"இஞ்ச பாருங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள். "அந்தச் செவ்வாய்க்கிழம மெஷின் ஏழு அறுநூறு காட்டிச்சு. நான் அத அடிச்சிட்டு ஏழு தொள்ளாயிரம்னு எழுதினேன்."

அந்தப் பக்கம் ஏசியை அணைக்கிற சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"பிள்ளைய அடக்கம் பண்ண வந்தப்ப நோட்ட பாத்தேன். அடிச்சிருந்ததையும் பாத்தேன்."

"பொறவு ஏன் கேக்கல?"

"கேட்டா பிள்ள வருமா பிரியா?"

வந்திருக்கான், இங்கே கட்டிலில் கிடக்கிறான், நாளை மறுநாள் கழிந்தால் மறுபடியும் இளைக்கப்போகிறான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அவன் அடுத்த விமானத்தில் வருவான், டாக்டரைக் கூப்பிடுவான், மெஷினைத் தூக்கிப் பரணில் போடுவான். "மாத்திர போட்டுட்டேன்," என்று சொல்லி போனை வைத்தாள்.

முப்பத்தைந்தாம் நாள் 7.9. அன்று அவன் நன்றாக இருந்தான். கட்டில் குழி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. ஒரு தலையணை கீழே விழுந்தது. அவள் முதல் முறையாகப் பயப்படாமல் அந்தக் குழியின் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு அளக்காமல் விட்டால் என்ன என்று ஒரு எண்ணம் வந்தது. மெஷினை நாகம்மை வீட்டில் கொடுத்துவிட்டால்? அளக்காவிட்டால் குறையாது அல்லவா? ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் போன தடவை அவள் செய்ததும் அதுதான். பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டதுதான்.

ராத்திரி நோட்டில் திட்டம் எழுதினாள். 4.00 அளவு. 4.05 ஆட்டோ. 4.40 வடசேரி. ஆதர்ஷுக்குத் தடுப்பூசி போட்ட குழந்தை ஆஸ்பத்திரி, பக்கத்தில் அதுதான். உப்புச்சர்க்கரைப் பொட்டலம் நான்கு வாங்கி வைத்தாள். அவனைச் சுற்றித் தூக்குகிற மங்கல் மஞ்சள் துவாலையைத் துவைத்துக் காயப்போட்டாள். இந்தத் தடவை ஒரு நாள் முன்னாலேயே போய்விடுவாள்.

முப்பத்தாறாம் நாள் நான்கு மணிக்கு, தூக்கி ஒரு முறை, இறக்கி ஒரு முறை.

7.6.

அடிக்கவில்லை. எழுதினாள்.

துவாலையைச் சுற்றித் தோளில் போட்டாள். தோள் கொதித்தது. சப்புகிற சத்தம் இல்லை. ரோட்டில், சொல்லிவைத்திருந்த ஜெப்சனின் ஆட்டோ நின்றது. வெள்ளமடத்தைத் தாண்டும்போது, கண்ணாடியில் பார்த்தபடியே அவன் சொன்னான், "பிள்ளைய நல்லா பிடிச்சுக்கிடுங்க, ரோடு மோசம்." ஆஸ்பத்திரி வாசலில்தான் திரும்பிப் பார்த்தான். காற்றில் துவாலை விலகியிருந்தது. காலியாயிருந்த அவள் கைவளைவைப் பார்த்தான். காசு வாங்காமலே வண்டியைக் கிளப்பினான்.

உள்ளே ஸ்பிரிட் வாசனை, அழுகிற பிள்ளைகள், பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிற ஹாரன் சத்தம். அவளுக்குக் கிடைத்தது டோக்கன் இருபத்துமூன்று. எடை பார்க்கிற மேஜையில் இருந்தது சிஸ்டர் குளோரி, ஆதர்ஷுக்கு ஊசி போட்ட அதே சிஸ்டர். அவளை அடையாளம் கண்டதும் அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

"மக்கா, நீ எதுக்கு வந்த?"

"எடை பாக்கணும் சிஸ்டர். கொறயுது. சீக்கிரம் பாருங்க."

குளோரி வெறும் துவாலையைப் பார்த்தாள். வரிசையில் இருந்த தாய்மார்களைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. இருபத்தைந்து வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள். இந்தத் துக்கத்தோடு வாதாடக் கூடாது என்று தெரிந்தவள்.

"சரி, வை மக்கா. நான் பாக்கேன்."

கிருஷ்ணப்ரியா துவாலையைத் தோளிலேயே விட்டு, பிடரியில் ஒரு கை, புட்டத்தில் ஒரு கை கொடுத்து, வெறும் பிளாஸ்டிக் தட்டில் மெல்ல இறக்கினாள். கையை எடுத்தாள். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

சிவப்பு எண்கள் ஓடின. நின்றன.

7.20.

நாளைக்கு வரவேண்டிய எண். புதன்கிழமை எண். பழைய நோட்டின் கடைசி வரி.

"டாக்டர கூப்பிடுங்க சிஸ்டர்."

குளோரி தட்டை உற்றுப் பார்த்தாள். தட்டு காலி. எண் அங்கேயே நின்றது. அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"இந்த மெஷினு சரியில்ல மக்கா. நேத்தைக்குக் கீழ விழுந்துது. அதான் பிழையாட்டு காட்டுது."

"இல்ல சிஸ்டர். பிழை இல்ல."

"ஒண்ணுமில்லாமயே காட்டுது பாத்தியா? இன்னா, நான் சரியாக்குகேன்."

அவள் விரல் சுழியாக்கும் பொத்தானுக்குப் போனது.

"அமுக்காதீங்க. சிஸ்டர், அமுக்காதீங்க."

அமுக்கிவிட்டாள்.

0.00.

"பாத்தியா," என்றாள் குளோரி, மிக மெல்ல, ஒரு தாயிடம் பேசுகிற குரலில். "ஒண்ணுமில்ல. இங்க ஒண்ணுமில்ல மக்கா. வீட்டுக்குப் போ."

கிருஷ்ணப்ரியா குனிந்தாள். பிடரியில் ஒரு கை. புட்டத்தில் ஒரு கை. தூக்கினாள்.

−1.40.

−3.85.

−7.20.

காலித் தட்டு. கழித்தல் குறியோடு சிவப்பு எண். குளோரியின் கையிலிருந்து பேனா விழுந்தது. பின்னால் நின்ற பெண் தன் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு பின்வாங்கினாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும். யாரோ ஏசுவே என்றார்கள். குளோரியின் விரல் மறுபடியும் பொத்தான் வரைக்கும் போய் நின்றது.

"எழுதுங்க சிஸ்டர்," என்றாள் கிருஷ்ணப்ரியா. "அடிக்காண்டாம். எழுதுங்க."

குளோரி எழுதவில்லை. அவள் பார்வை எண்ணில் இல்லை, கிருஷ்ணப்ரியாவின் இடது தோளில் இருந்தது. அங்கே எதையோ பார்த்துவிட்டவள்போலக் கண்ணை எடுக்கவே முடியாமல் நின்றாள்.

பெஞ்சு காலியாகியிருந்தது. கிருஷ்ணப்ரியா உட்கார்ந்து, துவாலையை இழுத்து மூடி, நோட்டை மடியில் விரித்தாள். 4.52. கழுத்தோரம் சின்ன மூச்சு படுகிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். ஒரு மூச்சு, எழுதினாள். அடுத்தது, எழுதினாள். நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. தோளின் சூடு குறைந்துகொண்டே வந்தது. மேஜையில் யாரும் தொடாத தட்டுக்கு முன்னால் −7.20 எரிந்துகொண்டிருந்தது.

உள்ளேயிருந்து டோக்கன் பதினொன்றைக் கூப்பிட்டார்கள்.